ஆலூ மிஸ்

அவள் டீயில் சர்க்கரை போடுவாள், கலக்க மாட்டாள்.

எங்கள் ஜூனியர் காலேஜ் ஸ்டாஃப் ரூமில் டீ வரும் நேரத்தில் எல்லோருக்கும் அவசரம்தான். அடுத்த பெல் அடிப்பதற்குள் குடித்து முடித்து, கிளாஸைத் தொட்டியில் போட்டுவிட்டு, சாக்பீஸைத் தேடி எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். இவள் மட்டும் சர்க்கரையை மெதுவாகச் சரித்துவிட்டு, கரண்டியைத் துடைத்துத் தள்ளி வைத்துவிட்டு, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டீயை உட்கார்ந்து பார்க்கிற ஒரு ஆளை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

"என்னங்க பண்றீங்க?" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"கலக்காமலே கலக்குதான்னு பாக்கேன்."

"கலந்துச்சுங்களா?"

"அதுக்குள்ள எப்பிடிச் சொல்ல? செத்த இருங்க."

பெல் அடித்துவிட்டது. ஆறிப்போன டீயை அவள் ஒரே மூச்சில் குடித்தாள். பாதி வரை முகம் சுளித்தபடி இருந்தது. கடைசி மடக்கில் மலர்ந்தது. சர்க்கரை முழுக்க அங்கேதான் கிடந்திருக்கும். "இன்னும் நேரம் வேணும் அதுக்கு" என்று எனக்குத் தகவல் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். பைத்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கோயமுத்தூர்க்காரி, படித்ததும் நடத்துவதும் வேதியியல். எந்தக் கரைசலைக் கண்டாலும் கண்ணாடிக் குச்சியை விட்டு நாலு சுற்றுச் சுற்றாவிட்டால் எனக்குக் கை நமநமக்கும். அவள் தென்காசிப் பக்கம், உயிரியல். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்ததால் கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். என் வீட்டுக்காரருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை. எங்கள் வீடு அவள் வீட்டிலிருந்து தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அந்தக் காலேஜில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என்னை 'கெமிஸ்ட்ரி' என்று கூப்பிடுவாள், நான் அவளை 'பயாலஜி' என்பேன். சொந்தப் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தன. பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஆலூ மிஸ், அதாவது உருளைக்கிழங்கு மிஸ்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. வருடா வருடம் டிசம்பர் தொடங்கிவிட்டால் அவள் கையில் உருளைக்கிழங்கு இல்லாத நாளே கிடையாது. கோர்படி பஜாரில் காய் வாங்கப் போனால் ஒவ்வொரு கிழங்காக எடுத்து, அமுக்கி, கண்களை எண்ணுகிறவள்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பாதியைத் திரும்பக் கூடையில் போடுவாள். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஒரு தடவை காய்காரர் பொறுக்க முடியாமல், "காய் மேடம், படாட்யாச்ச லக்ன ஆஹே கா?" என்று கேட்டுவிட்டார். உருளைக்கிழங்குக்கு என்ன கல்யாணமா என்று. பக்கத்தில் நின்ற எனக்கு மானம் போயிற்று. அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல், "பரீட்சை ஆஹே" என்று பதில் சொன்னாள். அவளுடைய மராத்தி அவ்வளவுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஊரையே சமாளித்தாள்.

இன்னொரு சங்கதி, அவளைக் கட்டிப்பிடித்தால் குத்தும். புடவைத் தலைப்பில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் செருகியிருக்கும். எல்லாம் அந்தக் கிழங்குச் சோதனைக்குத்தான்.

சோதனை சின்னதுதான். கிழங்கைத் தோல் சீவி, அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, நடுவில் கிண்ணம்போலக் குடைய வேண்டும். அதில் சிவப்புச் சாயம் கலந்த சர்க்கரைக் கரைசலை ஊற்றி, அதன் மட்டம் நிற்கிற இடத்தில் ஒரு குண்டூசி குத்தி, வெறும் தண்ணீர் உள்ள தட்டில் உட்கார வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் போனால் கரைசலின் மட்டம் ஊசியைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். யாரும் ஊற்றியதில்லை, தட்டில் இருந்த தண்ணீர்தான் கிழங்கின் செல்களுக்குள் புகுந்து புகுந்து உள்ளே வந்திருக்கிறது. ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அது தண்ணீருக்கு வழி விடும், சர்க்கரைக்கு விடாது. ஆனால் அந்தச் சவ்வு உயிரோடு இருக்கிற வரைதான் இந்தக் காவலெல்லாம். கிழங்கை வேகவைத்துவிட்டு இதையே செய்தால் மட்டம் ஏறாது. இறங்கும், சாயமும் தட்டுத் தண்ணீருக்கு வந்துவிடும். தமிழ்ப் பள்ளியில் படித்த எங்களுக்கு இது சவ்வூடு பரவல். பிள்ளைகளுக்கு ஆஸ்மோசிஸ்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் இதைச் செய்து காட்டுவதே இல்லை. போன வருடத்துப் பிள்ளைகளின் ஜர்னலை, அதாவது செய்முறை நோட்டை, பார்த்து இந்த வருடத்துப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். ஆரம்ப மட்டம் இவ்வளவு, முடிவு மட்டம் இவ்வளவு, படம் பென்சிலில். அண்ணன் எழுதிய அளவைத் தங்கை எழுதுவாள். இவளிடம் அது நடக்காது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிழங்கு, கூடவே வேகவைத்த கிழங்கு ஒன்று. "புஸ்தகத்துல என்ன எழுதிருக்குன்னு எனக்குத் தெரியும். உன் கிழங்கு என்ன சொல்லுதுன்னு சொல்லு" என்பாள், தன்னுடைய தென்காசி இந்தியில். எவனாவது நேரத்துக்கு முன்பே "ஏறிவிட்டது மிஸ்" என்று எழுதிவிட்டால் அவளுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அன்று அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. பார்த்துவிட்டுத் தப்பாக எழுதினால் திட்ட மாட்டாள். பார்க்காமல் சரியாக எழுதினால்தான் திட்டுவாள்.

ஒரு நாள் என் அலமாரியிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனாள். உயரமான ஒரு ஜாடித் தண்ணீரில் அந்தக் கருஞ்சிவப்புத் துணுக்கு ஒன்றைப் போட்டு, மேசை ஆடக்கூடாது என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வகுப்பு முழுவதையும் சுற்றி உட்கார வைத்துவிட்டாள். ஒரு பீரியட் முழுக்கப் பேச்சில்லை. ஊதா நிறம் நூல் நூலாக விரிவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஒரு பையனின் அப்பா, விமான் நகரில் பெரிய கம்பெனியில் இருப்பவர், காரில் வந்து இறங்கினார். ஒரு மணி நேரம் என் பிள்ளைக்குத் தண்ணீரைக் காட்டியிருக்கிறீர்கள், இதற்கா ஃபீஸ் கட்டுகிறேன் என்று சத்தம்.

பிரின்சிபால் அவளைக் கூப்பிட்டு, "போர்ஷன் முடியுமா மேடம்?" என்று கேட்டார்.

"முடிஞ்சதும் சொல்லுதேன் சார்" என்றாளாம். அவரே என்னிடம் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அவள் இருந்தது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலையில். அந்தப் பயம் அவளிடம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருக்கும். காட்டிக்கொள்ள மாட்டாள்.

வகுப்பறையில் இருந்தால் சரி, இந்தக் குணத்தை ஸ்டாஃப் ரூமுக்கும் கொண்டுவந்தால் யாருக்குப் பிடிக்கும்? கணக்கு சார் வேலையை விட்டுவிட்டுக் கோச்சிங் கிளாஸ் நடத்தப் போகிறார் என்று ஒருத்தி கிசுகிசுத்தால், எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கும்போது, இவள் மட்டும், "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்பாள். அவ்வளவுதான், பேச்சு செத்துவிடும். வம்பு பேசுகிற சுகத்தையே கெடுத்துவிடுகிறாள் என்று மற்ற டீச்சர்கள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். எனக்கும் அந்தக் குறை உண்டு. நல்ல வம்புக்கு ருசி வேறு.

ஆனால் அவளை நான் உண்மையில் வெறுத்த நாள் ஒன்று உண்டு. என் மார்பில் ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தேன். அந்த நாட்களில் என்னைப் பார்த்த ஒவ்வொருவரும், "ஒண்ணும் இருக்காது, பாருங்க" என்றார்கள். என் கணவர் சொன்னார், பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா சொன்னார், ஊரிலிருந்து அண்ணி போன் போட்டுச் சொன்னார். இவள் சொல்லவில்லை. வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு என்னங்க குறைஞ்சு போகுது?" என்று கத்தினேன்.

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "எப்பிடிச் சொல்லுவேன் கெமிஸ்ட்ரி? நான் பாக்கலியே. என்ன வந்தாலும் வரட்டும், நான் கூட இருக்கேன். அது எனக்குத் தெரியும், அதைச் சொல்லுதேன்" என்றாள்.

முடிவு வருகிற அன்று லீவு போட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தாள். கவரைப் பிரித்து நல்ல சேதி என்று டாக்டர் சொன்ன பிறகுதான், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. மற்றவர்கள் சொன்ன அத்தனை 'ஒண்ணும் இருக்காது'களும் எனக்கு மறந்துவிட்டன. அவள் சொன்ன 'ஒண்ணும் இல்ல' மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. அவள்மேல் எனக்குப் பிரியம் என்று நான் உணர்ந்தது அந்த ஆட்டோவில்தான். கட்டிக்கொண்டேன், குண்டூசி குத்தியது.

இப்போது அவள் பூசாவலில் இருக்கிறாள். வீட்டுக்காரருக்கு மாற்றலாகிப் போனார்கள். பொங்கலுக்கும் ரிசல்ட் வரும் நாளுக்கும் வாட்ஸ்அப்பில் சேதி அனுப்புவாள். அதிலும் 'இங்க மழை வரும்போல' என்று எழுத மாட்டாள், 'மேகமா இருக்கு' என்றுதான் எழுதுவாள். அந்தச் சேதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அவள் இங்கிருந்த கடைசி வருடத்துச் செய்முறைத் தேர்வு.

பன்னிரண்டாம் வகுப்புக்கான போர்டுத் தேர்வு அது. வேறு காலேஜிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருவார். அவரும் எங்கள் உயிரியல் டீச்சரும் சேர்ந்துதான் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு கையெழுத்தும் இல்லாவிட்டால் பட்டியல் செல்லாது. முதல் நாள் மாலை அவள் உட்கார்ந்து ஒவ்வொரு கிழங்காகக் குடைந்தாள். நானும் தோல் சீவிக் கொடுத்தேன். குடைந்த கிண்ணங்களை ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டு, என் லேப் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் ஸ்டாஃபுக்கு ஹல்தி குங்கு. சங்கராந்தி முடிந்து ரதசப்தமி வரைக்கும் இங்கே பெண்கள் ஒருவரை ஒருவர் அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுப்பார்கள். எங்கள் காலேஜிலும் உண்டு. அதற்காக வாங்கிய ஸ்ரீகண்ட் என்கிற தயிர் இனிப்பு டப்பாக்கள் நாங்கள் போன பிறகு வந்து சேர்ந்திருக்கின்றன. லேப்பைப் பார்த்துக்கொள்கிற மாவ்ஷி அவற்றை ஃப்ரிட்ஜில் வைக்கப் போனாள். இடம் இல்லை. ஸ்ரீகண்டை மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் கல்லாகிவிடும், விருந்தில் யார் கரண்டியைப் போட முடியும்? அதனால் நல்ல புத்தியோடு ஸ்ரீகண்டைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் டப்பாவை மேலே ஏற்றிவிட்டாள். காலையில் வந்து பார்த்தால் டப்பா ஒரே ஐஸ் கட்டி. பயந்துபோய்க் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கரைத்து, ஒன்றும் நடக்காததுபோல மேசைமேல் வைத்துவிட்டாள்.

உருளைக்கிழங்கை உறையவைத்து எடுத்தவர்களுக்குத் தெரியும். பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். தொட்டால் தளர்ந்து தண்ணீர் விடும். உள்ளே ஐஸ் ஊசிகள் ஒரு சவ்வையும் விட்டுவைத்திருக்காது. அவள் தொட்டிருந்தால் விரல் பட்டவுடன் கண்டுபிடித்திருப்பாள். அந்த நேரம் பார்த்து எக்ஸாமினர் வந்து இறங்க, அவரை வரவேற்க வாசலுக்குப் போயிருந்தாள். அவள் திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு, சிவப்புக் கரைசலை ஊற்றி ஊசி குத்திவிட்டார்கள்.

நான் எக்ஸாமினருக்கு டீயும் போஹா என்கிற அவல் உப்புமாவும் கவனிக்க வந்தவள். அதனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸாமினரோடு உட்கார்ந்து ஜர்னல்களைச் சரிபார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து, பிள்ளைகள் தாளைக் கொடுத்து வெளியே போன பிறகுதான் அவள் வரிசையாக நடந்து வந்தாள். மூன்றாவது மேசை அருகே நின்றாள். தட்டில் இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அடுத்த தட்டைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எல்லாமே இளஞ்சிவப்பு. குனிந்து ஒரு கிழங்கை விரலால் அமுக்கினாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை. கதவோரம் நின்ற மாவ்ஷி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சுக்ல மாஜ, மேடம்" என்றாள் மெல்ல, தப்பு என்னுடையது என்று. அவள் மாவ்ஷியின் தோளைத் தட்டிவிட்டு எக்ஸாமினரிடம் போனாள்.

"சார், கிழங்கு கெட்டுப்போச்சு. பஜார் பக்கம்தான். புதுசா வாங்கிட்டு வந்து திரும்பச் செய்யச் சொல்லுதேன். ஒரு மணி நேரம் கொடுங்க" என்று இந்தியில் கேட்டாள்.

அவர் நல்ல மனிதர், களைத்த மனிதர். அடுத்த பேட்ச் வெளியே நிற்கிறது, மதியம் போசரியில் இன்னொரு காலேஜ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தாள்களைக் காட்டிச் சிரித்தார். "எதற்கு மேடம்? பாருங்கள், எல்லாமே சரியாகத்தான் வந்திருக்கிறது."

வந்திருந்தது. கண்ணுக்கு முன்னால் மட்டம் இறங்கி, தட்டு முழுக்கச் சிவந்து கிடக்க, பிள்ளைகள் எல்லோரும் 'மட்டம் ஏறியது' என்று எழுதியிருந்தார்கள். புத்தகத்தில் உள்ளபடி அளவும் போட்டிருந்தார்கள். இரண்டு வருடம் இவளிடம் படித்த பிள்ளைகள். போர்டுத் தேர்வு என்றதும் பயந்துவிட்டார்கள், பாவம்.

ஒரே ஒருத்தி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். ரயில்வே காலனிப் பெண், ஸ்னேஹல் என்று பெயர். விவசாயக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் கனவு. அதற்கு ஒவ்வொரு மார்க்கும் வேண்டும். 'மட்டம் இறங்கியது. சாயம் வெளியே வந்துவிட்டது. இந்தக் கிழங்கின் சவ்வு உயிரோடு இல்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். எக்ஸாமினர் அந்த விடையின்மேல் சிவப்புப் பேனாவை வைத்திருந்தார்.

"அது ஒண்ணுதான் சார் சரி" என்றாள் என் சிநேகிதி.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தட்டுகளைப் பார்த்தார். விவரம் தெரியாதவர் இல்லை. ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி, "மேடம், இவளுடையது சரி என்று நான் எழுதினால், மற்ற எல்லோரும் பார்க்காமல் எழுதினார்கள் என்று ஆகிவிடும். போர்டில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை பிள்ளைகளின் தேர்வும் நின்றுவிடும்" என்றார்.

பிரின்சிபால் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்தார். ஒரு பெண்ணின் சில மார்க்குக்காக ஒரு வகுப்பையே பலி கொடுப்பீர்களா என்று கேட்டார். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வெளியே வராந்தாவில் பிள்ளைகள் முடித்த சந்தோஷத்தில் ஒருவன் தலையில் ஒருவன் தட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஸ்னேஹல் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள். மற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

எக்ஸாமினரே வழி கண்டுபிடித்தார். "இந்தப் பெண்ணுக்கும் முழு மார்க் போட்டுவிடுகிறேன். எல்லோருக்கும் முழு மார்க். காரணம் எதுவும் எழுத வேண்டாம். நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்."

சொல்லும்போதே ஸ்னேஹலின் தாளில் முழு மார்க் போட்டுவிட்டார். பட்டியலை என் சிநேகிதி பக்கம் நகர்த்தினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. யாருக்கும் நஷ்டம் இல்லை, பிள்ளைகள் பிழைத்தார்கள், மாவ்ஷியும் பிழைத்தாள். போடுங்க பயாலஜி, போடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவள் வெகுநேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீயைப் பார்க்கிற அதே பார்வைதான். பிறகு என்னிடம் தமிழில் கேட்டாள்:

"கெமிஸ்ட்ரி, மட்டம் ஏறுனதை நீங்க பாத்தீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நானும் பாக்கல" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அன்று மாலை ஹல்தி குங்கு நடந்தது. எல்லோரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு, தட்டில் ஸ்ரீகண்ட் பூரி வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம். அவளும் வந்தாள். குங்குமம் வைத்துக்கொண்டாள், எள்ளுருண்டை வாங்கிக்கொண்டாள். ஸ்ரீகண்டைத் தொடவில்லை. அப்போது ஸ்னேஹல் வாசலில் வந்து நின்று அவளைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் முழு மார்க் என்று எப்படியோ செய்தி பரவியிருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாமல் எது இருக்கும்?

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் அது இல்லை. இந்தியில் மெதுவாகக் கேட்டாள்:

"மிஸ், எனக்கும் ஃபுல், அவங்களுக்கும் ஃபுல். அப்போ ரெண்டுமே சரியா மிஸ்?"

அந்தப் பெண் குத்திக் காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அது எனக்குத் தெரிந்தது, பயாலஜிக்கும் தெரிந்தது. எந்தக் கேள்விக்கும் 'இரு, பாப்போம்' என்று சொல்கிற வாய் திறந்து திறந்து மூடியது. கடைசியில், "நீ எழுதினது சரி" என்று மட்டும் சொன்னாள்.

"அவங்க எழுதினது?"

அவள் எள்ளுருண்டையை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பெண் கொஞ்சநேரம் நின்றாள். பிறகு, "சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்ற என் சிநேகிதியின் கையில் எள்ளுருண்டை பொடிந்து போயிருந்தது.

மறுநாள் அவள் வழக்கம்போல வந்தாள். தலைப்பில் குண்டூசி இல்லை. டீ வந்தது. சர்க்கரையைப் போட்டாள். கரண்டியைத் துடைத்து வைக்கவில்லை. கிளாஸில் விட்டு, சத்தம் வரக் கலக்கினாள். யாரும் கவனிக்கவில்லை, ஊரே கலக்குகிற மாதிரிதானே அவளும் கலக்குகிறாள். எனக்கு மட்டும், வீட்டில் பெரியவர்கள் யாராவது திடீரென்று அழுதால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"விடுங்க. உங்களாலதான் அத்தனை பிள்ளைகளும் தப்பிச்சாங்க. வேற யாரா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

"வேற யாரும் செய்யட்டும் கெமிஸ்ட்ரி. நான் செஞ்சேன்லா. அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லுவேன்?"

அவள் கையைப் பிடித்துக் கரண்டியை வாங்கினேன். அந்தக் கிளாஸை நகர்த்திவிட்டு, இன்னும் சர்க்கரை போடாத என் கிளாஸை அவள் முன்னால் வைத்தேன். அதில் சர்க்கரையை மெதுவாகச் சரித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கரண்டியைத் துடைத்துத் தள்ளி வைத்தேன். கை நமநமத்தது, மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன்.

"செத்த இருங்க பயாலஜி" என்றேன். "பாக்கலாம்."

அவள் என்னைப் பார்த்தாள், கிளாஸைப் பார்த்தாள். கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவளும் துடைக்கவில்லை, நானும் துடைக்கச் சொல்லவில்லை. பெல் அடித்தது. எங்களைச் சுற்றி எல்லோரும் சாக்பீஸைத் தேடிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.